பெனில்தே தட்டிய கதவு

அன்புள்ளவளே,

ஆஸ்துரியாஸ் மலையில், நாம் எப்போதும் தங்கும் சோத்ரேஸ் கிராமத்தில்தான் வேனை நிறுத்தியிருக்கிறேன். நேற்று சீஸ் வாங்கப் போனபோது கடைக்காரி பெனில்தே கேட்டாள்: "எங்கங்க வீட்டம்மா? வருஷாவருஷம் அவங்கதானே முதல்ல இறங்கி வருவாங்க?"

"வேன்ல தூங்குறா" என்று சொல்லிவிட்டேன்.

"இப்பவா? பத்து நாளா மேகம் மூடிக் கெடந்த மலை இன்னிக்குத்தான் தெரியுது!" என்று அவளே வந்து வேன் கதவைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. என் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "எப்பங்க தவறிட்டாங்க?" என்று அழவே தொடங்கிவிட்டாள்.

நான் மறுக்கவில்லை. மன்னித்துவிடு.

இன்று காலை போய் உண்மையைச் சொன்னேன். "உசிரோடதான் இருக்கா. என்னோட வாழப் பிடிக்காம ஒவியேதோவுக்குப் போயிட்டா."

திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா! நல்லா இருக்காங்கல்ல? அது போதுங்க" என்றாள்.

நீ போன ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அப்படி நினைத்ததில்லை.

நீ அனுப்பிய விவாகரத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படி நினைக்காததைத் தவிர, தாமதத்துக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இனி உன் கணவன் என்று எழுத முடியாத
நான்