மேற்பார்வை அனுபவம்: இல்லை

குட்டிம்மாவின் அப்பாவுக்கு,

நானும் குட்டிம்மாவும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கத் தெம்பு வேண்டுமே. கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் பொறுத்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அரசு விமானப் பாதுகாப்பு ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன் அல்லவா, விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. விமானத்தின் உடலுக்கும் இன்ஜினுக்கும் பழுதுபார்க்கும் உரிமம் கேட்டார்கள், இருக்கிறது. பெரிய விமானங்களில் பதினான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்தில் நம் தவறால் விபத்து நடந்திருக்கக் கூடாதாம், என் ஆயுளிலேயே நடந்ததில்லை. ஒன்றே ஒன்றுக்கு நேராக மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: "மூன்று வருட மேற்பார்வை அனுபவம்: இல்லை."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினொரு பேர் முடுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறவள் நான். கையெழுத்து மட்டும் மேற்பார்வையாளனுடையது. அவனோ எனக்கு நாலு வருடம் பின்னால் சேர்ந்தவன், ஸ்பேனர் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்தவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பதவி எனக்கு வராமல் அவனுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாமலா போகும்?

நேராக மேலாளரிடம் போய், அன்றைக்கு என்னை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் என் கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார். நீங்கள் எழுதியது. "குழந்தை சிறியது, நான் கப்பலுக்குத் திரும்பிவிடுவேன், என் மனைவிக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்." யார் உட்கார்ந்து முடிவு செய்தது? என்னை எப்போது கேட்டீர்கள்?

அதைக்கூட மன்னித்திருப்பேன். பதவி கைவிட்டுப் போன அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். விடுமுறையில் வந்திருந்த நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "விடும்மா, அவங்களுக்கு உன் அருமை தெரியல" என்று முதுகைத் தடவினீர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். உங்கள் காகிதத்தைப் படித்துவிட்டு மேலாளரின் மேசைக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றேன். மேலாளர் தண்ணீர் கொடுத்தார்.

அந்த மேற்பார்வையாளன் இப்போது மாற்றலாகிப் போகிறான், இடம் மறுபடி காலி. மேலாளர், "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லுங்க" என்றார். "அவரு விமானத்துல ஒரு போல்ட்கூட முடுக்கினதில்ல சார், பேப்பரைக் கொடுங்க" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து மதிய ஷிப்ட். மூன்று வருடம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பிப்பேன். வயது வரம்பைத் தொட அப்போது நாலு மாதம்தான் மிச்சமிருக்கும். இனி ஒரு நாளைக்கூட யாருக்காகவும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கப் போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதையும் என்னைக் கேட்காமல்தான். நீட்டிக்காதீர்கள். கப்பலில் பார்க்கும் மின்வேலை கரையில் கிடைக்காமலா போகும்? குட்டிம்மாவுக்குப் பெருக்கல் இன்னும் தகராறு. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க நீங்கள்தான் சரி, எனக்குக் கை நீளும். பள்ளி நாலு மணிக்கு விடுகிறது. வாசலில் நீங்கள் நிற்க வேண்டும்.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவைக்கிறேன். நீங்கள் வரும்போது நான் வேலையில் இருப்பேன். கடலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
குட்டிம்மாவின் அம்மா