ஒன்பதாவது மாடியில் நின்ற பாட்டு

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கிறது. நீ சௌக்கியமா என்று வழக்கத்துக்குக் கேட்பதுண்டு, இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். நீ அனுப்பிய ஆல்பத்தை ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் போனில் வைத்துக் கேட்டோம். ஒன்பது மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு பாட்டு, கடைசியில் இன்னொன்று, லிஃப்ட் ரிப்பேர் செய்யும் பெண் ஒருத்தி படியேறிப் போகிறாள் என்று நீ எழுதியிருந்ததால் கதை பிடிபட்டது. முதல் மாடியில் கிடார் போட்ட சத்தத்தில் தட்டு அலமாரி அதிர்ந்தது. இரண்டாவதில் தாலாட்டு, அடுத்ததில் பேண்டு வாத்தியம், பிறகு ராப், அதற்கு மேல் வயலின். இவ்வளவையும் ஒரே பெண் பாடுகிறாளா, வீட்டில் வாயைத் திறந்தால் சண்டை மட்டும்தானே வரும் என்று அம்மா சிரித்தாள். ஏழாவது மாடியில் பாட்டு சோகமாகி, அம்மாவின் சிரிப்பு நின்றது. ஒன்பதாவதில் அந்தப் பெண் மொட்டை மாடிக் கதவைத் திறக்கிறாள், காற்று அடிக்கிறது, கைப்பிடிச் சுவரில் ஏறுகிறாள், ட்ரம்ஸ் பட்டென்று நிற்கிறது. அம்மா போனை அணைத்துவிட்டாள். பத்திரிகையில் இத்தனை வருஷம் என் செய்திகளின் கடைசிப் பத்தியை வெட்டிய கை அது. கடைசியில எதுவும் இருக்காது, எல்லாம் முடிஞ்சுபோச்சு என்றாள்.

உன் போன் அணைந்திருந்தது. உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ட்ரம்ஸ் தோழனைக் கூப்பிட்டேன். அவ தூங்குறா அங்கிள், எழுப்பினா என்னைக் கொன்னுடுவா என்றான். எழுப்ப வேண்டாம், மூச்சு வருதான்னு மட்டும் போய்ப் பாரு தம்பி என்றேன். போய்விட்டு வந்து, மூச்சா, குறட்டையே வருது அங்கிள் என்றான். அம்மா அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் உன் மாமா கூப்பிட்டான். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு முழுதும் கேட்டானாம். அத்தான், கடைசிப் பாட்டைக் கேட்டீங்களா இல்லையா, அக்காவுக்கு அந்த வெட்டுற புத்தி எப்பதான் போகும் என்று கத்தினான்.

கேட்டோம். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் போன் அடிக்கிறது, அம்மாவின் குரல் வருகிறது, எப்போதோ அவள் உனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஏய் வாலு, சாப்பிட்டியா, போனை எடுக்க மாட்டியா, சரி எடுக்க வேணாம், இருக்கேன்னு ஒரு வார்த்தை அனுப்பு, குழாய்க்காரர் வந்துட்டார், வைக்கிறேன். அந்தப் பெண் சுவரிலிருந்து இறங்குகிறாள், ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு மாடியின் இசையும் திரும்ப வருகிறது. என்னைக் கேக்காம என் குரலைப் போட்டிருக்கா, இருமலைக்கூட வெட்டல பாருங்க என்று அம்மா திட்டத் தொடங்கினாள்.

எனக்கு அப்போதுதான் நிஜமான அதிர்ச்சி. குழாய் உடைந்து கூடமெல்லாம் தண்ணீர் நின்றது போன மழைக்காலத்தில், அம்மா அந்த மெசேஜை அனுப்பியது அன்றைக்குத்தான். அந்த வாரம் முழுக்க உன்னிடமிருந்து பேச்சே இல்லை, பிறகு பிஸிம்மா என்று ஒரே ஒரு சொல் வந்தது. நாங்களும் பிஸி என்றே நம்பினோம். நிருபன் ஒரு தகவலைச் சம்பந்தப்பட்டவரிடம் உறுதி செய்யாமல் எழுதக்கூடாது, அதனால் நானாக எதையும் முடிவு செய்யவில்லை. போனில் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்று வைத்துவிடுவாய், அதற்காகத்தான் கடிதம். அன்றைக்கு அந்தச் சுவரில் ஏறியது பாட்டில் வரும் பெண்ணா, நீயா? கதை என்றால் நம்புகிறேன். இல்லை என்றாலும் நம்புகிறேன், கோபப்பட மாட்டேன், அடுத்த வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருப்போம். ஆல்பம் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், மூன்றாவது மாடியில் மட்டும் பேண்டு கொஞ்சம் அதிகம்.

நேரத்துக்குச் சாப்பிடு, போனில் சார்ஜ் வைத்திரு, நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. இதையும் வழக்கம்போல அம்மாவிடம் திருத்தக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கடைசிப் பத்தி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, தன் கையால் ஒரு வரியும் சேர்த்திருக்கிறாள்: இருக்கேன்னு ஒரு வார்த்தை அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா