தொப்பை இல்லாத கிளாக்கர்

செப்டம்பர் 4, திங்கள், 1933

விடியலிலிருந்து மழை. லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ஒழுகாத இடம் ஒன்றுதான், பொதி நிறுக்கும் தராசு இருக்கும் மூலை. ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறினேன்.

நிறை 177 ராத்தல். சித்திரையில் 178.
இடுப்பு 35 அங்குலம். சித்திரையில் 41.
தகரம் 90 ராத்தல், தலைக்கு மேல் எட்டுத் தடவை. ஒன்பதாவதில் கை நடுக்கம்.

ஐந்து மாதப் பாடு. தினமும் தண்டால், பஸ்கி. ஓர் இரும்புக் கம்பியில் மணல் போட்ட மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டு. சோறு ஒரு தட்டோடு சரி. தேங்காய்ப்பால் சொதி கிடையாது. முட்டை, கடலை, மீன். கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை, ஆனால் தராசு முள்ளுக்கு மட்டும் அசைய மனமில்லை. கொழுப்புப் போன இடத்தில் தசை வந்து உட்கார்ந்துவிட்டது என்று புத்தி சொல்கிறது. மனது கேட்டால்தானே.

டாக்டர் சொன்னதை மறக்க முடியவில்லை. “இந்த வயிற்றை வைத்துக்கொண்டால் உம்முடைய அப்பா போன வழிதான்.” அப்பாவும் என்னைப்போல் கணக்கு எழுதும் ரயில்வே கிளாக்கர், கிளுவாங் ஸ்டேஷனில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடியவர், திறக்கவில்லை. வயது 41. எனக்கு இப்போது 30.

செப். 7, வியாழன்

போர்ட்டர் முனியாண்டி சரக்கு வண்டியோடு பெக்கோக் போய்வந்தான். வந்ததிலிருந்து முகம் சரியில்லை. பிடித்துக் கேட்டேன்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு சயரோகம்னு அங்க பேசிக்கிறாங்க. ரத்தமா துப்புறீங்களாம்.”

பெக்கோக் ஸ்டேஷன் மாஸ்டரின் மகள்தான் எனக்குப் பேசியிருக்கும் பெண். இராசமணி, வயது 19. தை மாதம் கல்யாணம். ஒரே ஒரு முறை, கிளுவாங் கோயிலில் பார்த்தேன். அழுத ஒரு குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு தாயைத் தேடி அலைந்தாள். அன்றே மனதில் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “நான் அப்பவே சொன்னனான். கிளாக்கர் எண்டால் கொஞ்சம் வயிறு வேணும். இல்லாட்டில் சனம் வருத்தக்காரன், நோயாளி எண்டுதான் கதைக்கும்.”

இரவுச் சோறு இறங்கவில்லை. மெலிந்தால் இன்னும் பேசுவார்களே என்று பயந்து விழுங்கினேன்.

செப். 10, ஞாயிறு

பெக்கோக் மாமா, இராசமணியின் அப்பா, வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், பத்தரை வண்டியில். பெரிய உடம்பு, நாலு படி ஏறுவதற்குள் மூச்சிரைப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, ஒளிக்காமல் சொல்லும். உமக்கு என்ன வருத்தம்?”

“ஒண்டும் இல்லை மாமா. வேணுமெண்டால் நிறுத்துப் பாருங்கோ.”

சித்திரையில் சாதகத்தோடு டாக்டர் கடிதமும் போயிருந்தது. 178 என்று அவருக்குத் தெரியும். ஸ்டேஷன் மூலைக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏறினேன். 177. ஐந்து மாதமாக நான் திட்டிய முள்ளுக்கு அப்போது கும்பிடு போட்டேன்.

ஆனால் அவர் இருபது வருடம் பொதிகளில் கள்ளம் பிடித்தவர். நம்பவில்லை. சட்டைப் பையைத் தட்டினார். இடுப்பைத் தடவினார். இரும்பு ஏதும் கட்டியிருக்கிறேனாம்!

“சட்டையைக் கழட்டும்.”

கழற்றினேன். நெஞ்சில் சிறு கர்வம்கூட இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு அவர் முகம் சுருங்கிய விதத்தை எழுதக் கை வரவில்லை.

“என்ன தம்பி இது? மூட்டை தூக்கிறவன்ர தோள். நான் கிளாக்கருக்கெண்டுதான் பொம்பிளை பேசினனான்.”

முனியாண்டி பக்கத்தில்தான் நின்றான். மாமா அவனைச் சுட்டிக் காட்டியே சொன்னார். நான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவர் போன பின் முனியாண்டி: “என்னைய மாதிரி இருக்கறது அவ்வளவு கேவலமாங்கய்யா?”

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். வெட்கம்.

செப். 14, வியாழன்

பெக்கோக்கிலிருந்து கடிதம். மூன்று விஷயம்.

1. தகரம் தூக்குவதை இன்றோடு விட வேண்டும்.
2. தைக்குள் சித்திரையில் இருந்த உடம்போடு வர வேண்டும். மணவறையில் ஆட்கள் பார்த்துச் சிரிக்கக் கூடாது.
3. இல்லாவிட்டால் சிகாமட்டில் வேறு கிளாக்கர் இருக்கிறார்.

அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நேரே தேங்காய் துருவப் போனார். “நாலு மாசம்தானே மோனை. கலியாணம் முடிய என்ன வேணுமெண்டாலும் செய்.”

நாலு மாதம்தானே. இராசமணி. தகரங்களிலிருந்த மணலைக் கொல்லையில் கொட்டினேன். கோபத்தில் ஒரு தகரத்தை உதைத்ததில் பெருவிரல் நகம் பெயர்ந்தது. எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

செப். 18, திங்கள்

தின்றவை: பிட்டு, தேங்காய்ப்பால், நெய், மத்தியானம் மூன்று தட்டுச் சோறு, சொதி, வாழைப்பழம் ஆறு. அம்மா அகப்பையோடு பக்கத்தில். “இன்னும் கொஞ்சம்.”

நாலே நாள். இடுப்புப் பட்டி ஒரு துளை வெளியே வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் இறங்கியது ஏறுவதற்கு ஐந்து நாள் போதும் போலிருக்கிறது. சிக்னல் கம்பம் வரை நடந்ததில் மூச்சு வாங்கியது. பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல?

செப். 19, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எப்போது கண் அயர்ந்ததோ தெரியாது. அலறல் கேட்டு விழித்தால் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். “எழும்பு! எழும்பு! என்ர ஐயோ!” தலைமுடி அவிழ்ந்து, வெற்றிலைத் தட்டம் நிலத்தில். நான் பேசிய பிறகும் நம்பவில்லை. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார்.

அப்பா போன மாதிரியே தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாம்.

வெகு நேரம் தரையிலேயே இருந்தார். பிறகு, “பேப்பர் எடு. நான் சொல்லுறன், நீ எழுது.”

எழுதினேன், அவர் சொன்னபடியே:

“என்ர மனுசன் போகேக்கை எனக்கு இருபத்தொன்பது. அவருக்கு நல்ல கிளாக்கர் உடம்புதான், எல்லாரும் புகழ்ந்தவை. அந்த உடம்போட என்ர பிள்ளையை உங்களுக்குத் தந்தால், உங்கட பிள்ளை முப்பதில தாலி கழட்ட வேண்டி வரும். நான் பட்டதை அவள் படவேண்டாம். இவன் இனித் தகரம் தூக்குவான். விருப்பமெண்டால் தாருங்கோ.”

“அம்மா, சிகாமட் ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.”

“குடுக்கட்டும்.”

நாலரை வண்டித் தபால் பையில் நானே போட்டு நானே முத்திரை வைத்தேன். வண்டி நகர்ந்ததும் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கலாமா என்று தோன்றியது. நின்றேன்.

செப். 23, சனி

பதில் இல்லை. பெக்கோக்கிலிருந்து தந்தி மணி அடிக்கும்போதெல்லாம் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். எல்லாம் வண்டி விஷயம்தான்.

முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கய்யா” என்றான். விடவில்லை என்று கண்ணில் தெரிந்தது. தகரம் 70 ராத்தல், ஐந்து தடவை. அவ்வளவுதான் முடிந்தது.

செப். 27, புதன்

காலை வண்டியில் அம்மா பெயருக்குக் கடிதம். மாமாவின் கையெழுத்து இல்லை. உள்ளே மாமி, கோணல் எழுத்தில்:

“அக்கா, இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்துப்போட்டு மேசையில் எறிந்தார். எடுத்து நான் வாசித்தேன், பிள்ளையும் வாசித்தாள். இரவில் இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. நான் நித்திரை கொள்ளாமல் அந்த மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். பிள்ளைக்கு இந்த எண்ணுகிற வேலை வேண்டாம். சிகாமட் ஆள் இவரை விடப் பெருத்தவர். ஒரு மாதம் பொறுங்கோ, இவரை வழிக்குக் கொண்டுவருகிறேன். தம்பியைத் தகரம் தூக்குவதை நிற்பாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கோ.”

அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எண்ணிக்கொண்டு கிடக்கிறேன் என்ற இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நானும் எண்ணினனான், மோனை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”