வளைவில் கசிந்த ஒளி

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டு,

போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேனாவைத் தூக்கிவிட்டேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா?

எனக்கு அடுத்த மாதத்தோடு ஓய்வு. அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். இத்தனை வருடம் வரைந்த சிப்புகளின் படங்களே நான்கு அலமாரி இருக்கின்றன. நகத்தளவு சிப்புக்குள் வெளிச்சம் ஓடப் பாதை போட்டதற்கு இவ்வளவு காகிதமா என்று அறை துடைப்பவர் கேட்டுவிட்டார்.

நீ உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது இரண்டு பெண்கள். சிப்பின் ஓரத்தில், வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி இழையை ஒட்டுவதற்குள் பசையையும் மைக்ராஸ்கோப்பையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்க்கிறார்கள். மேலாளர் நேற்று, "உங்க தங்கச்சி திரும்ப வருவாங்களா? பழசையெல்லாம் யாரும் மனசுல வெச்சுக்கல" என்றார். வாயேன். அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அந்த வீட்டில் தனியாக இருந்து என்ன செய்கிறாய்?

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

உன்மேல் கோபமெல்லாம் இல்லை, சோம்பல்தான். பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறேன். கோணலாக விழுந்தாலும் யாரும் கேட்பதில்லை. நிம்மதியான வேலை.

மேலாளருக்கு என் நன்றியைச் சொல். ஆனால் வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன் நாற்பது சிப் வீணாகப் போனது என் கையால். ஒன்றில்கூட உள்ளே விட்ட வெளிச்சத்தில் பாதி வெளியே வரவில்லை. ஒட்டும்போது இழை இம்மி விலகினாலும் அப்படித்தான் ஆகும். ஒட்டும்போது கை நடுங்கியதாக எனக்கு இன்றுவரை நினைவில்லை. அதுதான் பயம். நடுங்குவது தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனே.

அம்மாவுக்கு ஊசி போட மாட்டேன் என்று நான் அடம் பிடித்ததும் அதனால்தான். சர்க்கரைக்கான மருந்து ஒரு கோடு கூடினாலும் ஆபத்து என்றார் டாக்டர். எனக்குத் தெரியாமல் கை ஆடிவிட்டால்? "நீயே போடுடி, வலிச்சா வலிச்சுட்டுப் போகுது" என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. முதியோர் இல்லத்தில் விட்டோம். இரண்டு வருடம் அந்த ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து, யாரோ ஒரு நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டாள். இதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

வேளாவேளைக்குச் சாப்பிடு. அலமாரியை நீயே இழுக்காதே, முதுகு பிடித்துக்கொள்ளும்.

உன் சுண்டு

மார்ச் 2

என் அன்புச் சுண்டு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. அந்த நாற்பதும் உன் கையால் கெடவில்லை.

அலமாரியில் அந்தப் படம் கிடைத்தது. வாடிக்கையாளர் சிப்பைச் சிறிதாக்கச் சொன்னதால் முழுப் படத்தையும் கணினியில் ஒரேயடியாகச் சுருக்கியிருக்கிறேன். பாதைகளின் அகலத்தை மட்டும் பழையபடி திருத்திவிட்டு, வளைவுகளைச் சுருங்கியபடியே விட்டுவிட்டேன். வளைவு தாராளமாக இருந்தால்தான் வெளிச்சம் பாதையோடு திரும்பும். இறுகிவிட்டால் வேகமாக வந்த வண்டி மாதிரி பாதையை விட்டு வெளியே போய்விடும். மொத்தம் பதினாறு வளைவு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. நீ ஒட்டியதில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம்தான் இது கண்ணில் பட்டது. மேலாளரிடம் சொல்லிவிட்டேன், ஆடிப்போய்விட்டார். என்னை மன்னிப்பாயா?

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் தையல் பெட்டியைத் தேடி எடுத்து, ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே போனது. உருவிவிட்டு மறுபடி கோத்தேன். ஏழு தடவையும் போனது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

வேலை போனதை விடு. அது யாருக்கும் நடக்கக்கூடியது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

சிப்புகள் கெட்டுவிட்டன என்று தெரிந்த மறுநாள், ஒன்றை எடுத்துப்போய் உன் அறையில் கேமராவுக்கு அடியில் வைத்துப் பார்த்தாய். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் எங்கே கசிந்தாலும் கேமராவில் வெள்ளையாகத் தெரியும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். நான் கதவருகே வந்ததும் திரையை அணைத்துவிட்டு, "ஒண்ணும் புரியலடி" என்றாய்.

பிறகு அம்மாவை இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய நாள். காரில் நான், "என் கை சரியா இருந்தா அம்மாவ வெச்சுப் பார்த்திருப்பேன்க்கா" என்று அழுதேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, நீ என்னடி பண்ணுவ" என்றாய்.

அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது. தெரியாது என்று எழுதினால் நம்பிவிடுவேன்.

சுண்டு

மார்ச் 28

சுண்டு,

பத்து நாளாகத் தெரியாது, தெரியாது என்று எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தெரியும். பதினாறு வளைவும் திரையில் வெள்ளையாக எரிந்தன. தலைமை வடிவமைப்பாளர் பதவிக்கு என் பெயர் போயிருந்த வாரம் அது. உத்தரவு வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நீயே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய். அதன்பிறகு எந்த முகத்தோடு சொல்வேன்? போன வாரம்தான் கண்ணில் பட்டது என்று எழுதியதும் பொய்.

அம்மாவுக்கு ஊசி போட மாட்டேன் என்று நீ சொன்னபோது ஒரு வார்த்தை பேசியிருந்தால் அம்மா வீட்டிலேயே இருந்திருப்பாள். பேசவில்லை. பதில் போடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

காரிலும் தெரியும். தெரிந்துதான் பிடித்தேன். அவ்வளவு அழுகையிலும் உன் கை நடுங்கவே இல்லை.

அக்கா