ரமீஜா பார்க்காத மோவாய்

முல்லா வீதி,
புதுச்சேரி.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரமீஜாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும், மகள் நூரீனும், மாப்பிள்ளை ஸாகிபும், உலகத்துக்கு வந்து இருபத்தாறே நாளான நம் பேத்தி ஹனீனும் இறைவன் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம். சுகம் என்றால் உண்மையாகவே சுகம். நெஞ்சில் வலி இல்லை, சர்க்கரை ஏறவில்லை, குளியலறையில் வழுக்கி விழவில்லை. உன் தலைமீது சத்தியம் செய்யலாம் என்றால் மார்க்கத்தில் அது கூடாது. ஆகையால் என் வார்த்தையை நம்பு.

நூரீன் நேற்று செய்தி அனுப்பியிருந்தாள். 'அத்தா, பன்னெண்டு நாளா நீங்க மொகத்தையே காட்டல. உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சின்னு அம்மா அழுவுறாங்க. சனிக்கெழமைக்கு டிக்கெட்ட மாத்தச் சொல்றாங்க' என்று. தயவு செய்து மாற்றாதே. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் முடிவதற்குள் சம்பந்தி அம்மாள் கையில் விட்டுவிட்டு நீ ஓடி வந்தால், அந்த அம்மாள் அதை நாற்பது வருஷம் சொல்லிக் காட்டுவார். எதிர் வீட்டுக் கலைவாணனும் அவர் மனைவியும் நாளை பாரீசுக்குப் புறப்படுகிறார்கள். வியாழக்கிழமை இந்தக் கடிதமும் பொட்டலங்களும் உன் கைக்கு வந்துவிடும். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது, உன்னைச் சுற்றி எப்போதும் ஆறு பேர் இருக்கிறார்கள். இது ஆறு பேர் கேட்கிற விஷயம் இல்லை.

நான் உங்களிடம் சொன்னது பொய். என் போன் கேமரா உடையவில்லை. அது கல்லு மாதிரி இருக்கிறது. போனது என் தாடி.

திட்டாதே, முழுசாகப் படி. சென்ற மாதம் நாம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் பக்கத்து வீட்டு மதாம் குழந்தையைப் பார்க்க வந்தாரே, நினைவிருக்கிறதா? போனில் என்னைப் பார்த்துவிட்டு, இவர் உன் அப்பாவா என்று உன்னிடம் கேட்டார். நீ சிரித்தாய். நூரீன் சிரித்தாள். மாப்பிள்ளை மரியாதைக்காக அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு, உனக்கு ஐம்பத்து மூன்று. ஐந்து வயசு வித்தியாசத்தில் எந்த ஊரில் அப்பா ஆக முடியும்?

ஆனால் மறுநாள் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அரைத்துக் கொடுத்த பொடியைத்தான் நீ தேய்த்துக் குளிக்கிறாய். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் நம் கடைச் சரக்கு. உன் முகம் பளபளக்கிறது என்று ஊரே சொல்கிறது, அரைத்தவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. முப்பத்தைந்து வருஷமாக நாட்டு மருந்துக் கடை நடத்தி, 'பத்து நாள் பூசிப் பாரும்மா, பத்து வயசு கொறையும்' என்று வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள்கூட நான் பூசியதில்லை. நாமும் பூசிப் பார்த்தால் என்ன? நீ திரும்பி வரும்போது விமான நிலையத்தில் யாரும் என்னை உன் அப்பா என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

மாடியில் நீ வளர்த்த கற்றாழையில் ஆரம்பித்தேன். இப்போது தொட்டி மட்டும் இருக்கிறது, மன்னித்துவிடு. பிறகு பப்பாளி. பாதி முகத்துக்கு, மீதி வயிற்றுக்கு. பாலாடை ஒருநாள் பூசினேன், எறும்பு வந்தது. கடைசியில் நம் பொடியே போதும் என்று முடிவுக்கு வந்தால், முகூர்த்த மாதம் என்பதால் கஸ்தூரி மஞ்சள் கடையில் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. மஞ்சள் மஞ்சள்தானே என்று குழம்புக்குப் போடுகிற விரலி மஞ்சளை இடித்துப் போட்டுவிட்டேன். விரலி மஞ்சள் முகத்துக்கு ஆகாது, கறை பிடிக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் இது. அவசரம் என் கண்ணை மறைத்துவிட்டது.

முகத்தில் பிடித்த மஞ்சள் கறை இரண்டு நாளில் போய்விட்டது. வெள்ளைத் தாடிதான் விடவில்லை, எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால், எந்தக் கடை மருதாணி என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். நம் கடைதான் என்றேன், வேறு என்ன சொல்ல? ஆளுக்குக் கால் கிலோ வாங்கிப் போனார்கள். அந்த நிறம் இன்னும் வரவில்லை என்று தினமும் வந்து நிற்கிறார்கள்.

அதோடு போயிருந்தால் வெளுக்கும்வரை பொறுத்திருப்பேன். குருசுக்குப்பத்து முத்தம்மாள் விட்டாளா? மீன் கொண்டு வந்தவள் கூடையை இறக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தாள். 'என்னா பாய், எங்க பொண்ணுங்களுக்குக் குடுக்கற பொடியா பூசிக்கினு இருக்கீங்க? அதுல கோரக்கெழங்கு இருக்குமே. மொகத்துல முடி மொளைக்காதுன்னு நீங்கதான சொல்லி வித்தீங்க?' என்றாள். உண்மைதான் ரமீஜா. பெண்கள் முகத்தில் பூனைமுடி உதிர்வதற்கென்றே கோரைக்கிழங்கைச் சேர்த்துக் கொடுக்கிறேன். அதைத்தான் ஒரு வாரமாகத் தாடியின் வேர்க்காலில் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்துத் தாடியை இழுத்தேன். மூன்று முடி கையோடு வந்தது. இழுத்தால் யாருக்கும் மூன்று முடி வரும் என்று பிறகுதான் புத்தி வந்தது.

மஞ்சளை மட்டும் வெட்டிவிட்டால் வேர் நிலவரம் தெரியும் என்று கலியபெருமாள் சலூனுக்குப் போனேன். அவர் மெஷினை என் கன்னத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்து சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் நீ, வீடியோவில். எங்கே விரல் பட்டு நீ என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிடப் போகிறாயோ என்று வெடுக்கென்று திரும்பினேன். காதிலிருந்து மோவாய்வரை நாலு விரல் அகலத்துக்கு ஒரு ரோடு விழுந்துவிட்டது. 'ஆடாதீங்கன்னு சொன்னன்ல பாய்' என்று கலியபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் போனபின் மறுபக்கத்தை என்ன செய்வது? எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இதில் பாதித் தப்பு உன்னுடையது.

இருபத்திரண்டு வயசில் விட்ட தாடி. நிக்காஹ் அன்றைக்கே அது இருந்தது. முப்பத்து நாலு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியும் என் மோவாயை நீ பார்த்ததே இல்லை. நானே மறந்துவிட்டேன். கலியபெருமாள் துண்டால் துடைத்துவிட்டு, என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. என்ன என்று கேட்டேன். 'பாய், மேல உங்களுக்கு ஐம்பத்தெட்டு. கீழ கல்யாணப் புள்ள' என்றார்.

பொய்யில்லை. மூக்குக்கு மேலே வெயில் கருக்கிய முகம், நெற்றியில் கோடு, கண்ணோரத்தில் சுருக்கம். கீழே ஒரு சுருக்கமில்லை, ஒரு கரும்புள்ளி இல்லை. வெயிலே படாத தோல். நான் விற்ற வேரும் பூவும் கிழங்கும் செய்யாததை வெறும் நிழல் செய்திருக்கிறது. இப்போது பொடி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஒரு குடை வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். பக்கத்துக் குடைக்கடைக் கமலக்கண்ணன் எனக்கு இரண்டு வேளையும் டீ அனுப்புகிறார்.

இன்னொன்று. என் மோவாயின் நடுவில் ஒரு குழி இருக்கிறது. ஹனீன் மோவாயில் உள்ள குழி தங்கள் வம்சத்துக் குழி என்று சம்பந்தி அம்மாள் சொல்வதாகச் சொன்னாய் அல்லவா? இனிமேல் சொல்லச் சொல், பார்ப்போம். இதற்காக மட்டும் ஸ்பீக்கரைப் போட அனுமதிக்கிறேன்.

பொட்டலங்களில் பச்சை நூல் கட்டியது நூரீனுக்குப் பிரசவ லேகியம், காலையில் நெல்லிக்காய் அளவு. வெள்ளை நூல் உனக்குக் குளியல் பொடி. குழந்தைக்கு வெறும் பயத்தமாவுதான் அனுப்பியிருக்கிறேன். அதற்கு வேறு எதுவும் பூச வேண்டாம்.

கோரைக்கிழங்கைப் பற்றிய பயம் தீர்ந்தது. தாடி முள்முள்ளாக வந்துகொண்டிருக்கிறது. தினமும் கலியபெருமாளிடம் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ ஒருமுறை பார்க்கட்டும் என்றுதான். ஆனால் பன்னிரண்டு நாளாகக் கேமராவைப் போடத் தைரியம் வரவில்லை. வயசான காலத்தில் இவருக்கு ஏன் இந்த ஆட்டம் என்று நீ நினைத்துவிட்டால்? இந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போடுகிறேன். முதலில் நீ மட்டும் தனியாக அடுப்படிக்குப் போய்ப் பார். சிரிப்பு வந்தால் சிரி. அதன்பிறகு தாடியை வளர விட்டுவிடுகிறேன்.

நாற்பது முடிந்தபின் இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று நூரீன் கெஞ்சுவாள். இருக்கத் தோன்றினால் இரு. இங்கே ஒரு குறையும் இல்லை, சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். காலையில் கண்ணாடிக்கு முன் நின்றால்தான் கொஞ்சம் சிரமம். அதில் பாதி முகத்தோடு ஒரு இருபத்துநாலு வயசுப் பிள்ளை நிற்கிறான். அவனுக்குப் பேத்தி பிறந்தது, நூரீன் பிறந்தது எதுவும் தெரியாது. நேற்றுத்தான் நிக்காஹ் ஆனது, பெண்ணை அதற்குள் எங்கே அனுப்பினீர்கள் என்று தினமும் கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுது.

துஆவுடன்,
உன்
குத்புதீன்