நிறுத்தச் சொல்லாத பிள்ளை

அன்பு மகளுக்கும், மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கும், செல்லக் குட்டிக்கும் அப்பாவின் ஆசிகள். நான் சுகம். முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

நீ கேட்ட சமாச்சாரம் நடந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆற்றுப் பாலத்தில் விரிசல் விட்டு, பஸ்ஸெல்லாம் குன்றைச் சுற்றிக்கொண்டு போன வருஷம். பேக்கரி தீப்பிடித்து, அணைக்க வந்தவர்கள் ரொட்டி வாசனையில் பசியோடு நின்ற வருஷம். சர்க்கஸிலிருந்து தப்பிய ஒட்டகம் எங்கள் டிப்போவுக்குள் புகுந்து, டைம் கீப்பரின் நாற்காலிக்குப் பக்கத்தில் உரிமையோடு படுத்துக்கொண்டதும் அதே வருஷம்தான். ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போன மறுவாரம் உனக்கு ஜுரம் வந்தது. அப்போது உனக்கு ஆறு வயது.

போனில் நீ கேட்டபோதே பதில் சொல்லியிருப்பேன். "அப்பா, எனக்குச் சின்ன வயசுல கிட்னியில ஏதாவது இருந்துச்சா? குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு டாக்டர் கேக்கறாங்க" என்றாய். குட்டிக்கு ஜுரம் திரும்பத் திரும்ப வருகிறது, குழாய் வைத்து எக்ஸ்ரே எடுக்கத் தேதி கொடுத்தார்கள், நான்தான் தள்ளிப்போட்டுவிட்டேன் என்றும் சொன்னாய். "எனக்கு ஒரு சில்லுனு மேஜை மட்டும் ஞாபகம் வருதுப்பா. சுத்தி நின்னு எல்லாரும் ஏதோ கத்தறாங்க. அதுல என் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன்" என்று அழுதாய். நீ அழுதால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் மாடி வீட்டு டீச்சரம்மாவை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டவும் உதவும்.

நான் மூத்திரம் என்று சொன்னால் இவர் சிறுநீர் என்று எழுதுகிறார். "நான் ஓட்டின வண்டியில யாருக்கும் சிறுநீர் வரலை டீச்சர், மூத்திரம்தான் வந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். சரி, சிறுநீர் என்றே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இருந்ததம்மா. குட்டிக்கு வந்திருப்பது போலவே இருந்தது.

உன் பள்ளிக்கூடம் என் பஸ் போய் நிற்கிற கடைசி ஸ்டாப்பில் இருந்தது. எஞ்சின் மூடிமேல் சாக்கு மடித்துப் போட்டு, அதில் நீ மகாராணி மாதிரி உட்கார்ந்து வருவாய். எங்கள் டிப்போ டிரைவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. இந்த முனையில் ஏறி உட்கார்ந்தால் அந்த முனை வரை எதற்கும் இறங்கக் கூடாது. நடுவழியில் ஒதுங்கினவனை ஒரு மாதம் கிண்டல் செய்வோம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. நம் கண்டக்டர் விசில் மாமா தினமும் கேட்பார், "என்ன சின்ன டிரைவர், இறங்கணுமா?" என்று. நீ முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஊஹூம், நேரா போங்க" என்பாய். பஸ்ஸே சிரிக்கும். "நிறுத்தச் சொல்லாத பிள்ளை" என்று டிப்போ முழுக்க உனக்குப் பெயர். எனக்கு மீசை முறுக்காத குறைதான்.

பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பெண் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே போக மாட்டார்களாம். ஆக, காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டில்தான். பாலம் விரிசல் விட்ட பிறகு அந்தச் சாயங்காலமும் தள்ளிப் போனது. தண்ணீர் குடித்தால் வந்துவிடும் என்று நீ பாட்டிலைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவருவாய். அதையும் சமர்த்து என்றுதான் நினைத்தோம்.

ஜுரம் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. மருந்துக் கடையில் சிரப் வாங்கினோம், விட்டது. மறுபடி வந்தது. மறுபடி சிரப். படுக்கையை நனைக்க ஆரம்பித்தாய். "பகல்ல பூட்டு, ராத்திரில திறப்பு, நல்ல டிரைவர்தான் போ" என்று உன் அம்மா கேலி செய்தாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நீ கழிப்பறையில் உட்கார்ந்து உதட்டைக் கடிப்பதைப் பார்த்தாள். என்னடி என்றாள். "சுடுதும்மா" என்றாய். அன்றைக்கே என்னிடம் வந்து, "என்னங்க, இது சிரப்புக்கு அடங்கற ஜுரம் இல்ல. எனக்கு லீவு கிடைக்குது, உங்களுக்குக் கிடைக்குதா இல்லையா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டால் லீவு கிடைத்தே ஆகவேண்டும்.

குழந்தைகள் டாக்டரம்மா பெரிய குரல்காரர். உன் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்பே, "முதல்ல யூரின் கொண்டாங்க" என்றார். உன் அம்மா வீட்டிலிருந்து பாட்டிலில் பத்திரமாகக் கொண்டுபோனாள். சோதித்துவிட்டு டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "சர்க்கரை ஏகமா இருக்கே" என்றார். உன் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டரம்மா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூடிக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "ஏம்மா, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றார். உன் அம்மா மெல்ல, "ஜாம் டாக்டர். நல்லா கழுவித்தான் கொண்டாந்தேன்" என்றாள். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்தின. பிறகு அவர்களே சுத்தமான புட்டி கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். சர்க்கரை போய்விட்டது. ஆனால் சீழும் கிருமியும் இருந்தன.

அடுத்ததாகத்தான் அந்த எக்ஸ்ரே. மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் மருந்துத் தண்ணீரை நிரப்புவார்கள். பிள்ளை அங்கேயே, அந்த மேஜையிலேயே சிறுநீர் கழிக்க வேண்டும். கழிக்கிற நேரத்தில் படம் எடுத்தால்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். மற்றப் பிள்ளைகளுக்குக் குழாய்தான் கஷ்டம். நீ குழாய்க்குக் கொஞ்சம் அழுதாய், அதோடு சரி. அதற்குப் பிறகுதான் வந்தது வினை. நிறுத்தச் சொல்லாத பிள்ளையல்லவா? அடக்கிக்கொண்டாய்.

உன் அம்மா எக்ஸ்ரே மேலே படாமல் இருக்கக் கனத்த ஏப்ரன் மாட்டிக்கொண்டு உன் தலைமாட்டில் நின்றாள். நானும் விசில் மாமாவும் வாசலில். கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் காதில் விழுந்தது. "போயிடு கண்ணு" என்று அம்மா. "போயிடும்மா, நல்ல பிள்ளையில்ல" என்று எக்ஸ்ரேக்காரர். மூலையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். நர்சு "ஸ்ஸ்ஸ்" என்றார். டாக்டரம்மா கெஞ்சினார், மிரட்டினார், மிட்டாய் தருகிறேன் என்றார். அந்த மிட்டாய்க்கு நானே போயிருப்பேன். நீ மசியவில்லை. உன் ஞாபகத்தில் கத்துகிறார்களே, அவர்கள் இவர்கள்தான். யாரும் உன்னைத் திட்டவில்லையம்மா. எல்லோரும் உன்னை ஒண்ணுக்குப் போகச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நீ அழுதுகொண்டே சொன்னாய், "இது ஸ்டாப் இல்ல!"

விசில் மாமா என்னைப் பார்த்தார். "மச்சான், பிள்ளை சரியாத்தானே சொல்லுது. நாம சிக்னல் குடுக்கவே இல்லையே" என்றார். நான் தடுப்பதற்குள் பையிலிருந்து விசிலை எடுத்து ஆஸ்பத்திரியே அதிர ஒன்று ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். "ஸ்டாப் வந்தாச்சு! இறங்கறவங்கள்லாம் இறங்கலாம்!" என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினார். வராந்தாவில் இன்னொரு நர்சு ஓடி வந்தார். "யோவ், இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா?" என்றார். மாமா, "ஒரு பாசஞ்சர்தான் சிஸ்டர், இறங்கினதும் கிளம்பிடுவோம்" என்றார்.

உள்ளே நீ சிரித்தாய். அந்த மேஜைமேல் படுத்துக்கொண்டே, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். சிரித்த சிரிப்பில் அடக்கினதெல்லாம் போய்விட்டது. "எடு எடு எடு!" என்று டாக்டரம்மா கத்த, எக்ஸ்ரேக்காரர் படம் எடுத்துத் தள்ளினார். முடிந்ததும் கதவைத் திறந்து, "ரைட், போலாம்!" என்றவர் யார் தெரியுமா? டாக்டரம்மாவேதான். மாமா இரண்டு விசில் கொடுத்தார்.

உனக்கு மேஜை ஞாபகம் இருக்கிறது, சிரித்தது ஞாபகம் இல்லை. எனக்கு இரண்டுமே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டுகிறேன்.

படத்தைக் காட்டி டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ஏம்ப்பா டிரைவரு, கிட்னியிலேருந்து கீழ வர்றது ஒன்வே ரோடு. உன் பொண்ணுக்கு இடது பக்கம் எதிர்ல வண்டி ஏறுது. கிருமியும் அதுல டிக்கெட் எடுக்காம ஏறிப் போகுது. இது பொறக்கும்போதே இருந்தது. அடக்கி அடக்கி டிராபிக்கை அதிகமாக்கினது உங்க டிப்போ" என்றார். அன்றைக்கு என் முறுக்காத மீசையும் இறங்கியது. நல்ல வேளையாகக் கிட்னி கெட்டுப்போவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம். ராத்திரி படுக்கும்போது கொஞ்சூண்டு மருந்து, நிறையத் தண்ணீர், மலச்சிக்கல் வராத சாப்பாடு, வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கழிப்பறை. இவ்வளவுதான். வளர வளர அந்த எதிர் வண்டி தானாகவே நின்றுவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நிற்காது, சிலருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எது என்று படம் பார்த்தால்தான் தெரியும்.

உன் அம்மா தாழ்ப்பாளையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். ஹெட்மாஸ்டர் அனுமதி கேட்டீர்களா என்றாராம். "கதவைச் சாத்திக்கறதுக்கு எதுக்குங்க அனுமதி?" என்று கேட்டுக்கொண்டே மாட்டிவிட்டு வந்தாள்.

நான் பாலத்துக்கு முந்தின, குன்றின் அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்த ஆரம்பித்தேன். உனக்காக நிறுத்தினால் பஸ்ஸில் பாதிப் பேர் உனக்கு முன்னால் இறங்கி ஓடுவார்கள். ஒரு பெரியவர், "எத்தனை வருஷமா பல்லைக் கடிச்சிட்டு வந்தேன் தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்று கண் கலங்கினார். ஏன் லேட் என்று டைம் கீப்பர் கேட்டால், "சின்ன டிரைவர் உத்தரவு, வேணும்னா அவங்களையே கேளுங்க" என்பார் விசில் மாமா. பாலம் சரியான பிறகும் அந்த ஸ்டாப் போகவில்லை.

இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உன் அம்மாதான் வேண்டாம் என்றாள். பெண் பிள்ளைக்கு இப்படி ஒன்று இருந்தது என்று வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சில் யாராவது குறை சொல்வார்கள் என்று பயந்தாள். ராத்திரி மருந்தைக்கூட உன்னிடம் சத்து மருந்து என்றுதான் சொல்லிவைத்தாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், இப்போது தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மாப்பிள்ளை "ஜுரம்தான் விட்டுடுச்சே" என்கிறார் என்றாய். உனக்கும் ஒவ்வொரு தடவையும் விட்டதென்று அவரிடம் சொல்.

டாக்டர் கேட்டதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. இதை அன்றைக்கு டாக்டரம்மாவிடம் சொன்னபோதுதான் உன் அம்மாவுக்கே தெரியும். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கும் சளியில்லாத ஜுரம் வரும், போகும். ஒரு நாள் முகம் உப்பியது, கால் உப்பியது. என்ன என்று சொல்ல அப்போது எங்களுக்கு ஆள் இல்லை, படம் எடுத்துப் பார்க்க மேஜையும் இல்லை. ஏழு வயதை அவள் தாண்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்.

ஆகையால் மகளே, தள்ளிப்போட்ட தேதியை இந்த வாரமே திரும்ப வாங்கு. குட்டியிடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிடு, பிள்ளைகளுக்குத் தெரியாததுதான் பயம். தலைமாட்டில் நீயே நில். அவள் எதற்குச் சிரிப்பாள் என்று உனக்குத்தான் தெரியும், அதைத் தயாராக வைத்துக்கொள். குட்டி நூறு வயது இருப்பாள், என் வார்த்தை பொய்க்காது.

அந்த அறையிலும் வாசலிலும் இருந்தவர்களை நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். டாக்டரம்மா போய்விட்டார். எக்ஸ்ரேக்காரர் அவருக்கும் முன்னால். நர்சுகள் இருவரும் இல்லை என்று கேள்வி. விசில் மாமாவைப் போன மழைக்காலத்தில் வழியனுப்பினோம். உன் அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். என்னைச் சேர்க்காதே, நான் டிப்போவுக்குத் திரும்புகிற வண்டி. நோய் யாருக்கு இருந்ததோ அவள்தான் இன்றைக்கும் திடமாக இருக்கிறாள், அது நீதான் அம்மா.

ஆசிகளுடன்,
அப்பா