அப்பாவின் ஏழு பல்

புதுக்குடியிருப்பு,
28.03.1999

அன்புள்ள மகள் பிரேமிளாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நீயும் பேராதனையில் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டு அம்மா எழுதுவது. தை மாதம் நீ போட்ட கடிதம் மாசிக் கடைசியில்தான் கை சேர்ந்தது. இடம்பெயரும்போது பரந்தனிலிருந்து தூக்கி வந்த கூரைத் தகரங்கள் போன மழைக்கு ஒழுகத் தொடங்கிவிட்டன. பக்கத்துக் காணியில் அருந்ததி சின்னம்மா வந்து கொட்டில் போட்டிருக்கிறா, கடைவாய்ப் பல் வீங்கி மூன்று நாளாகப் படுக்கை, அக்கா பல் டொக்டருக்குப் படிக்கிற உன்ர மகளிட்டை மருந்து கேட்டு எழுது என்கிறா. இங்கே வாயைத் திறந்தால் ஊரெல்லாம் சூத்தைப் பல், நீயோ அங்கே நோயாளி கிடைக்கவில்லையென்று அழுகிறாய், என்ன நீதியோ தெரியவில்லை.

உன் கடிதத்தை அப்பாதான் உரத்து வாசித்தார். பல் முழுவதும் விழுந்த ஒருவருக்கு மேலும் கீழும் பல்செற் கட்டிக் கொடுத்தால்தான் சோதனைக்கு விடுவார்கள் என்றும், நீ தேடிப் பிடித்த கிழவர் அச்சு எடுத்தபின் வராமல் நின்றுவிட்டார் என்றும், விரிவுரையாளர் எல்லார் முன்னாலும் பல்செற்றுக்கு நீ செய்து வைத்த மெழுகை நிலத்தில் எறிந்து ஏசினார் என்றும், நித்திரை இல்லை, இனி ஏலாது, விட்டுவிட்டு வரப்போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அடுத்த நாள் சைக்கிளில் போனவர் மத்தியானம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். மிச்சமிருந்த ஏழு பல்லையும், முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்த மயில்வாகனத்தைக் கொண்டு பிடுங்குவித்துவிட்டு வந்திருக்கிறார், விறைக்கப் போடும் ஊசிகூட இல்லாமல். ஏழில் ஐந்து நல்ல பல். என்னப்பா இது என்று கேட்டால், பிள்ளைக்குப் பல்லில்லாத ஆள்தானே வேணும், நான் போறன் என்றார். ஈறு ஆற இரண்டு மூன்று மாதம் செல்லும் என்று மயில்வாகனம் பிடுங்கி முடித்த பிறகுதான் சொன்னாராம், முதலே சொல்ல அந்த மனிசனுக்கு வாய் வரவில்லை. சோதனை ஆனியில்தானே, அதற்குள் ஆறிவிடும் என்று அப்பா வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் கேட்கப் போனார். பல் இல்லாமல் ஆரும் சாகிறேல்லை ஐயா, நெஞ்சு வருத்தம் எண்டால் வாங்கோ என்று அங்கிருந்தவன் திருப்பி அனுப்பிவிட்டான். அப்படியும் திங்கட்கிழமைதோறும் போய் வரிசையில் நிற்கிறார். சோற்றைக் கரைத்துக் குடிக்கிறார், தேங்காய்ச் சொட்டைக் கடித்துத் தின்ன உயிரை விடுகிற மனிசன்.

உன்னில் எனக்குக் கோபம்தான். அவரிலும் கோபம், அந்த விரிவுரையாளரில் அதைவிடக் கோபம். இதை எழுதினால் உன் நெஞ்சில் இன்னுமொரு பாரம் ஏறும் என்று தெரியும், ஏறட்டும் என்றுதான் எழுதுகிறேன். விட்டுவிட்டு வருவது எப்படி இருக்குமென்று வீடுவாசலை விட்டு வந்த எங்களைக் கேள்.

வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. வற்றாப்பளை அம்மாள் உன்னைக் காப்பாற்றுவா. மறக்காமல் ஒன்று செய். பதில் போடும்போது, வேறு ஆள் கிடைத்துவிட்டார், அப்பா வரத் தேவையில்லை என்று எழுது. கிடைக்காவிட்டாலும் அப்படியே எழுது, உன் கடிதத்தை அவர்தான் முதலில் வாசிப்பார்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா
ந. கமலாசனி